பழைய ஆசானின் ஓவியத்தைப் பிரதி எடுத்து உருவப்படம் கற்பது: முழுமையான வழிகாட்டி

மோனலிசாவுக்கு ஒரு பிரதி உண்டு. மாட்ரிடில் உள்ள பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னணி முழுக்கக் கறுப்புப் பூச்சு இருந்ததால் நெடுங்காலம் அதைச் சாதாரணப் பிரதி என்றே எண்ணியிருந்தார்கள். அந்தக் கறுப்பை நீக்கி, அகச்சிவப்புக் கதிரில் அடியில் உள்ள வரைவையும் ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. 2012இல் அதை வெளியிட்டார்கள். அசலில் லியொனார்டோ வரைந்து, பிறகு மனம் மாறித் திருத்திய இடங்கள், பிரதியிலும் அதே மாதிரி வரைந்து திருத்தப்பட்டிருந்தன. முடிந்த படத்தைப் பார்த்து எழுதிய பிரதியாக இருந்தால் அந்தத் திருத்தங்கள் வந்திருக்காது. ஆசான் ஒவ்வொரு முடிவாக எடுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒருவர் அதையே தொடர்ந்து செய்துகொண்டு வந்திருக்கிறார்.

நமக்கு அந்தப் பக்கத்து ஈசல் (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) கிடைக்காது. முடிந்துபோன படம்தான் இருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கிப் போய், எது முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது, எதை வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று கையால் தேடுவதுதான் இந்தப் பயிற்சி. அசலைப் போலவே ஒரு படம் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் நாளை உயிருள்ள ஒரு முகம் எதிரே உட்காரும்போது உங்கள் கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதற்காகத்தான் இதைச் செய்கிறோம்.

இது மாணவர்களுக்கு மட்டுமான வேலை என்று நினைக்க வேண்டாம். பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் 1628-29இல் மாட்ரிடில் இருந்தபோது இத்தாலிய ஓவியர் டிஷியனின் ஓவியங்களைப் பிரதி எடுத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஐரோப்பா முழுக்கப் புகழும் இருந்தது. அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் 1879இல் பிராடோவுக்குப் போய் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸைப் பிரதி எடுத்தார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் ஹார்லெமுக்குப் போய் டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸை எடுத்தார். அவருடைய பிற்கால உருவப்படங்களில் ஒரே வீச்சில் வைத்த அந்தத் தூரிகைத் தடங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இந்த இரண்டு பயணங்களும் பெரிய விடை.

ஆயில் பெயின்டை ஓரளவு கையாளத் தெரியும், ஒரு தலையைத் தோராயமாக வரைய முடியும் என்ற நிலையில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எந்தப் படத்தை எடுப்பது

பாதி வெற்றி இங்கேயே இருக்கிறது. ஒரே பக்கத்திலிருந்து ஒளி விழும் படமாக இருக்கட்டும். நிழலும் வெளிச்சமும் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும். பிரஷ் தடங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். லியொனார்டோவின் முகங்களைப் போலப் புகையாகக் கரையும் படங்களும், பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் (Ingres) வரைந்தவை போல வழவழப்பான படங்களும் முதல் பிரதிக்குச் சரிவராது. அவற்றில் வேலை நடந்த தடயமே மறைக்கப்பட்டிருக்கும். நீங்கள் தேட வந்ததே அந்தத் தடயம்தான். அதே காரணத்துக்காக இளம் பெண்களின், குழந்தைகளின் முகங்களையும் தள்ளி வையுங்கள். மென்மையான கன்னத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மேடு பள்ளம் இருக்காது, சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். எலும்பும் சதையும் தெரிகிற வயதான முகம் கற்றுக்கொடுப்பதில் தாராளமானது.

என்னைக் கேட்டால் வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த ஹுவான் தெ பரேகாவின் உருவப்படத்தைச் சொல்வேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரேகா அவருடைய பட்டறையில் அடிமையாக வேலை செய்தவர். அதே ஆண்டில் விடுதலைப் பத்திரம் பெற்று, பின்னர் தாமே ஓவியராக வாழ்ந்தவர். போப் பத்தாம் இன்னசென்ட்டை வரைவதற்கு முன் கையைப் பழக்கிக்கொள்ள வெலாஸ்கெஸ் இதை வரைந்ததாகச் சொல்வார்கள். பழுப்பு நிற முகம், கறுத்த தாடி, வெள்ளைச் சரிகைக் காலர், சாம்பல் கலந்த பின்னணி. மிகக் குறைந்த வண்ணங்கள். ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எல்லாப் படியும் உண்டு. பழுப்புத் தோலை வரையக் கற்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலான பாடங்கள் வெளிறிய தோலையே மனத்தில் வைத்து வண்ணக் கலவை சொல்கின்றன. இந்தப் படம் வேறு கணக்கைக் காட்டுகிறது.

படக் கோப்பை அந்த ஓவியம் இருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். மெட்ரோபாலிட்டன் 2017 முதல் தன்னிடமுள்ள காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. தேடலில் வரும் மற்ற கோப்புகளில் ஒன்று மஞ்சளாக இருக்கும், ஒன்று சிவப்பாக இருக்கும், எது உண்மை என்றே தெரியாது.

இன்று தெரியும் நிறம் அன்று இருந்த நிறம் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தில் அவளுக்குப் பின்னால் இருப்பது வெறும் கறுப்பு என்றுதான் பலரும் பிரதி எடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பச்சைத் திரை இருந்தது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. பச்சைப் பூச்சு காலப்போக்கில் மாறிப்போய்விட்டது. ஆகவே வெடிப்புக் கோடுகளையும், பழைய வார்னிஷின் மஞ்சளையும் பிரதி எடுக்க வேண்டாம். அவை காலம் செய்த வேலை.

அளவும் பொருளும்

பரேகா படம் ஏறத்தாழ 81 × 70 செ.மீ. முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. தலையும் காலரும் மட்டும் போதும். 40 × 50 செ.மீ கேன்வாஸில், அசலைவிடச் சற்றுச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேன்வாஸில் தலை எந்த அளவில் வருகிறதோ, அதே அளவில் படத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள். மனத்துக்குள் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வேலை இல்லாமல் போனால் கண் முழுவதும் பார்ப்பதற்கே மிச்சமாகும். அச்சின் மேல் கண்ணாடித் தாளோ லேமினேஷனோ போட்டுவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

வண்ணங்கள்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஆக்கர், லைட் ரெட் அல்லது பர்ன்ட் சியென்னா, அலிசரின் கிரிம்சன், ரா அம்பர், ஐவரி பிளாக். நீலம் வேண்டாம். ஐவரி பிளாக்கும் வெள்ளையும் சேர்ந்த சாம்பல், பழுப்புக்குப் பக்கத்தில் வந்ததும் நீலமாகவே தெரியும். பழைய ஆசான்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சு. அதைத் தேடிப் போகாதீர்கள். பன்றி முடி பிரஷ்களில் அகலமானவை மூன்று, மென்மையான பிரஷ் ஒன்று, ஒரு பேலட் கத்தி. மெல்லியதாக்க டர்பன்டைன், பிற்பாடு கொஞ்சம் ஆளி விதை எண்ணெய்.

ஒரு எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

முதலில் பார்ப்பது

முதல் நாள் கேன்வாஸைத் தொடவே வேண்டாம். அச்சை எதிரே வைத்து, ஒரு தாளில் எழுதுங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது? முகத்தில் மிக வெளிச்சமான இடம் எது, அது காலரின் வெள்ளையைவிட எவ்வளவு மங்கல்? நிழலும் பின்னணியும் எங்கே ஒன்றோடொன்று கலந்து எல்லை தெரியாமல் போகின்றன? எங்கே பெயின்ட் தடிப்பாக இருக்கிறது, எங்கே கேன்வாஸின் நெசவு தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கிறது? எந்தத் தடம் எதன் மேல் ஏறியிருக்கிறது?

இந்தக் கடைசிக் கேள்விதான் தங்கம். கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் காலரின் வெள்ளைத் தடங்கள் உடையின் கருமைக்கு மேலே ஓடியிருப்பது தெரியும். அப்படியானால் உடை முன்பு, காலர் பின்பு. இப்படி ஒவ்வொரு எல்லையிலும் எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொண்டே போனால் வேலையின் வரிசை தானாக வெளியே வரும். பிறகு நீங்கள் அந்த வரிசையிலேயே வரையலாம்.

அப்புறம் தீப்பெட்டி அளவில் நான்கைந்து சின்னப் படங்கள் போடுங்கள். கறுப்பு, நடுச்சாம்பல், வெள்ளை என்று மூன்றே டோன். டோன் என்றால் ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. நிறம் இங்கே பேச்சே இல்லை. மூன்று டோனில், கண் மூக்கு எதுவும் வரையாமல், அது பரேகாதான் என்று தெரிகிற வரை செய்யுங்கள். ஒரு முகத்தின் சாயல் கண்ணிமையில் இருப்பதைவிட இந்தப் பெரிய நிழல் வடிவங்களில்தான் அதிகம் இருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. செய்து பார்த்தால் நம்புவார்கள்.

கேன்வாஸும் வரைவும்

வெள்ளைக் கேன்வாஸில் எந்த டோனையும் சரியாக மதிப்பிட முடியாது. எல்லாமே இருட்டாகத் தெரியும், பயந்து வெளிற வைத்துவிடுவீர்கள். ரா அம்பருடன் கொஞ்சம் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து, டர்பன்டைனில் கரைத்து, நடுத்தரச் சாம்பல் பழுப்பாக ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். அவசரமென்றால் இந்த ஒரு பூச்சை அக்ரிலிக்கில் போடலாம். அக்ரிலிக்கின் மேல் ஆயில் நிற்கும். ஆயிலின் மேல் அக்ரிலிக் நிற்காது.

வரைவுக்குக் கட்டம் போடலாமா, டிரேஸ் எடுக்கலாமா என்று கேட்பார்கள். வண்ணம் மட்டும் கற்க வேண்டும் என்றால் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் உயிருள்ள மனிதரின் மேல் கட்டம் போட முடியாதே. அதனால் கண்ணால் அளந்து வரைவதையே பரிந்துரைப்பேன். தலையின் மொத்த உயரமும் அகலமும் முதலில். அடுத்து தலையின் சாய்வைக் காட்டும் நடுக்கோடு. அதற்குப் பின் புருவம், மூக்கின் அடி, தாடை ஆகியவற்றின் உயரம். வளைவுகளை நேர்கோடுகளாக உடைத்து வரையுங்கள். நேர்கோட்டின் சாய்வைப் பிரஷ் பிடியால் ஒப்பிட முடியும், வளைவை முடியாது. கண் தலையின் பாதி உயரத்தில் என்பது போன்ற பொது விதிகளை மறந்துவிடுங்கள். இந்தத் தலையில் எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

வரைந்து முடித்த பிறகு டிரேஸிங் தாளில் அச்சின் முக்கிய கோடுகளை எடுத்து, உங்கள் வரைவின் மேல் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தவறுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலோர் கண்ணைப் பெரிதாகவும் நெற்றியைச் சிறிதாகவும் போடுகிறார்கள். உங்கள் பழக்கம் எது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்கக் கைகொடுக்கும்.

பழுப்பில் அடிவண்ணம்

ரா அம்பரை மெல்லியதாக்கி நிழல் பகுதி அனைத்தையும் ஒரே வடிவமாக நிரப்புங்கள். கண்குழி, மூக்கின் நிழல், கன்னத்தின் இருண்ட பக்கம், தாடி, முடி எல்லாம் சேர்ந்த ஒரே திட்டு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். வெள்ளை சேர்க்க வேண்டாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் இப்போதே ஆள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இங்கேயே நின்று திருத்துங்கள். மேலே எத்தனை அழகான வண்ணம் வைத்தாலும் இந்தத் தவறு மறையாது. அம்பர் சீக்கிரம் காயும். ஓரிரு நாள் விட்டால் போதும்.

கலவை: பிரஷுக்கு முன் கத்தி

உருவப்படம் கற்பவர்கள் தோல் நிறம் என்று ஒன்றைத் தேடுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. ஒரே முகத்தில் வெளிச்சத்தில் ஒரு நிறம், ஒளி திரும்பும் இடத்தில் ஒன்று, நிழலில் ஒன்று, எதிரொளியில் இன்னொன்று. அதனால் வரையத் தொடங்கும் முன்பே பேலட் கத்தியால் ஒரு வரிசை கலந்து வையுங்கள்.

முதலில் நடு டோன்: முகத்தில் அதிக இடம் பிடித்திருக்கும் நிறம். பரேகாவுக்கு லைட் ரெட், ஆக்கர், கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை என்று தொடங்கிப் பாருங்கள். அதிலிருந்து வெளிச்சப் பக்கம் இரண்டு படி, நிழல் பக்கம் இரண்டு படி. வெளிச்சத்துக்கு வெள்ளையை மட்டும் சேர்த்தால் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். டைட்டானியம் ஒயிட் நிறத்தைக் குளிர வைக்கும். ஒவ்வொரு முறையும் ஆக்கரோ சிவப்போ துளி சேர்த்து அதை ஈடுகட்ட வேண்டும். நிழலுக்குக் கறுப்பை மட்டும் சேர்த்தால் செத்துப்போகும். அம்பரும் அலிசரினும் சேர்ந்து நிழலுக்குச் சூடு தரும்.

கலந்த ஒவ்வொன்றையும் கத்தி நுனியில் எடுத்து, அச்சின் மேலுள்ள கண்ணாடித் தாளில் அந்தந்த இடத்தில் ஒரு பொட்டு வையுங்கள். சரியாக இருந்தால் பொட்டு மறைந்துபோகும். இல்லையென்றால் மூன்று கேள்வி, இதே வரிசையில்: அதிக இருட்டா வெளிச்சமா? அதிகச் சூடா குளிரா? அதிகப் பளிச்சா மங்கலா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். இந்த ஒரு பயிற்சிக்கே ஒரு முழு நாள் கொடுக்கலாம், வீண் போகாது.

பழுப்புத் தோலில் ஒன்று கவனியுங்கள். நெற்றியில் விழும் ஒளித்திட்டு தோலின் சொந்த நிறத்தைவிட ஒளியின் நிறத்தையே அதிகம் காட்டும். அதனால் அது சற்றுக் குளிர்ந்த சாம்பல் பக்கம் போகும். அதை ஆரஞ்சாக வைத்தால் முகம் பித்தளைபோல் ஆகிவிடும்.

வண்ணம் வைப்பது

நிழலிலிருந்து தொடங்குங்கள். நிழல் மெல்லியதாக, அடிவண்ணம் ஊடே தெரிய இருக்கட்டும். அதற்குள் விவரம் போடும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். அடுத்து பின்னணி. தலை முடிந்த பிறகு பின்னணியைச் சுற்றி நிரப்பினால் தலை ஒட்டவைத்த காகிதமாக நிற்கும். பின்னணியும் நிழலும் ஈரமாக இருக்கும்போதே வெளிச்சப் பகுதியை வையுங்கள். வெளிச்சம் போகப் போகப் பெயின்ட் தடிப்பாகட்டும். மேல் அடுக்குகளில் எண்ணெய் கூடலாம், கீழ் அடுக்கில் கூடக் கூடாது. மாறினால் காய்ந்த பின் வெடிக்கும்.

ஒவ்வொரு தடத்தையும் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். தேய்க்க வேண்டாம். தவறாக இருந்தால் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி வையுங்கள். வெலாஸ்கெஸின் தடங்கள் அருகில் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் கிடக்கும். தள்ளி நின்றால் சேர்ந்துகொள்ளும். அவர் தள்ளி நின்று முடிவெடுத்திருக்கிறார். நீங்களும் சில தடங்களுக்கு ஒருமுறை பின்னால் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தபடி இந்தப் படத்தைப் பிரதி எடுக்க முடியாது.

விளிம்பு

டோனுக்கு அடுத்து ஒரு முகத்துக்கு உயிர் கொடுப்பது விளிம்புதான். புதிதாக வரைபவர்கள் எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வரைவார்கள். ஆசானின் படத்தில் எங்கெங்கே கூர்மை, எங்கே மென்மை, எங்கே முற்றிலும் காணாமல் போகிறது என்று மூன்று வண்ணப் பென்சிலால் இன்னொரு அச்சில் குறித்துப் பாருங்கள். கூர்மையானவை விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். அவை எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் உங்கள் கண் முதலில் போயிருக்கும். முடி பின்னணியில் கரைவது, தாடி கழுத்து நிழலோடு சேர்வது எல்லாம் அலட்சியத்தால் வந்தவை அல்ல. பார்ப்பவரைக் கண்களிடம் அனுப்புவதற்காகச் செய்தவை.

மென்மையாக்க வேண்டிய இடத்தில் ஈரமாக இருக்கும்போதே சுத்தமான, உலர்ந்த பிரஷை எல்லையின் குறுக்கே ஒரே ஒருமுறை இழுங்கள். இரண்டாவது முறை இழுத்தால் சேறாகும்.

கண், வாய் பற்றித் தனியே சொல்ல அதிகம் இல்லை. கண்ணின் வெள்ளை வெள்ளை அல்ல, சாம்பல். உதடுகள் சேரும் கோட்டைக் கோடாக வரையாமல் தடிப்பும் மெலிவுமான நிழலாக வையுங்கள். கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி கடைசி நாள் வேலை, ஒரே பொட்டு.

சரிபார்த்து நிறுத்துவது

அச்சையும் கேன்வாஸையும் தலைகீழாக வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வித்தியாசங்களைப் பட்டியலிட்டு, பெரியதிலிருந்து சிறியதுக்குத் திருத்துங்கள். பட்டியலில் கண்ணிமை, சரிகை நூல் மட்டும் மிஞ்சினால் நிறுத்திவிடலாம்.

ஆசானின் கையெழுத்து அசலில் இருந்தால் அதைப் பிரதி எடுக்காதீர்கள். பின்பக்கத்தில் யாருடைய எந்த ஓவியத்தின் பிரதி, வரைந்தவர் யார், எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பிரதி எடுக்க அனுமதி பெறுபவர்கள் அசலின் அளவிலேயே வரையக் கூடாது என்பது விதி. போலியாக விற்கப்படாமல் இருக்கத்தான். வீட்டில் செய்யும்போதும் அதே நேர்மை இருக்கட்டும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.

பிரதி முடிந்த பிறகு

பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் பிரதி எடுப்பதால் பயனில்லை என்ற பேச்சு வருகிறது. இன்னும் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, சில நாள் கழித்து அச்சையும் பிரதியையும் மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அதே தலையைச் சின்னதாக ஒரே அமர்வில் வரையுங்கள். எந்த இடத்தில் கை தயங்குகிறதோ, அந்த இடத்தை நீங்கள் புரிந்துகொள்ளாமல் நகல் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பகுதியை மட்டும் மறுபடி அச்சைப் பார்த்து வரையுங்கள்.

இரண்டு, ஒருவரை உட்கார வைத்து, பரேகாவின் மேல் விழும் அதே கோணத்தில் ஒற்றை ஒளி வைத்து, அதே வண்ணங்கள், அதே வரிசையில் வரையுங்கள். சாம்பல் பழுப்புப் பூச்சு, அம்பரில் நிழல் வடிவம், கத்தியில் கலவை, நிழல், பின்னணி, வெளிச்சம், விளிம்பு. எதிரே இருப்பவர் அசைவார், ஒளி மாறும், வெலாஸ்கெஸ் உங்களுக்காக எடுத்து வைத்த முடிவுகள் எதுவும் இருக்காது. எந்த விளிம்பைக் கரைப்பது, எந்த விவரத்தை விடுவது என்று இப்போது நீங்களே சொல்ல வேண்டும். சிக்கிக்கொள்ளும்போது பிரதியைத் திரும்பிப் பாருங்கள், அவர் இதே இடத்தில் என்ன செய்தார் என்று.

அடுத்த பிரதிக்கு வேறு வழியில் யோசித்த ஒருவரை எடுங்கள். ரெம்பிராண்ட் 1659இல் வரைந்த, வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் தன்னுருவப்படம் நல்ல தேர்வு. நிழல் அங்கேயும் மெல்லியதுதான். ஆனால் வெளிச்சத்தில் பெயின்ட் தோலின் சுருக்கத்தைப் போலவே புடைத்து நிற்கும். வெலாஸ்கெஸிடம் ஒரு தடத்தில் முடிந்த கன்னம் இங்கே ஏன் இத்தனை அடுக்குகள் கேட்கிறது என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.